கண்ணாடியில் ஒரு வெளிச்சம்

பதினொன்று முடிந்தது, இன்னும் ஐம்பத்தொன்பது. கொல்லிமலைக்கு ரோடு போட்டவர்கள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகை நட்டு, எழுபதில் இது எத்தனையாவது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவனுக்குத் தைரியம் சொல்வதற்கா, பயம் காட்டுவதற்கா என்று பதினாலு வருஷமாக யோசிக்கிறேன். முன்னால் ஸ்டீபனின் சிவப்பு விளக்கு. அதற்கும் முன்னால் குப்புராஜ், அவன் வளைவு திரும்பி என் தலைக்கு மேலே இருக்கிற ரோட்டில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறான், வண்டிச் சத்தம் மட்டும் மரங்களுக்கு நடுவே இறங்கி வருகிறது. பின்னால் பூங்கோதை. வலது கண்ணாடியில் அவளுடைய வெளிச்சம் இருக்கிறது. தலையை ஆட்டிக்கொள்கிறேன். எண்ணும்போது எனக்குத் தலை ஆடும், லேபில் வந்த பழக்கம். ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெள்ளை அணுக்களை இனம் பிரித்து நூறு எண்ண வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையாட்டல். பரமத்தி ரோட்டில் என் லேபுக்கு வருகிறவர்கள் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு, "சார் யார்கிட்டயோ சரி சரின்னு சொல்லிட்டே இருக்காருங்க" என்பார்கள். நான் யாருக்கும் சரி சொல்லவில்லை. எண்ணுகிறேன், அவ்வளவுதான். பன்னிரண்டு.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. மாதத்தில் மூன்றாவது ஞாயிறு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்புவதால் வீட்டில் திட்டும்போது மூணாவது ஞாயிறு கோஷ்டி என்று திட்டுவார்கள். குப்புராஜுக்கு லாரி பாடி கட்டுகிற பட்டறை. ஸ்டீபன் தபால்காரர், வாரம் ஆறு நாள் வண்டியில் அலைந்துவிட்டு ஏழாவது நாளும் வண்டியில் அலைகிற ஒரே மனுஷர். ஜாபர்தான் எப்போதும் கடைசியில் வருவான், இன்று அவன் மகளுக்கு நிச்சயம். பூங்கோதை கோழித் தீவன மில்லில் வேலை செய்கிற பெண், எங்களோடு வருவது இது மூன்றாவது தடவை, மலை ஏறுவது முதல் தடவை. சட்டம் என்று எங்களுக்கு ஒன்றே ஒன்று உண்டு: உனக்குப் பின்னால் வருகிற ஆள் உன் பொறுப்பு. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் தெரிகிற வரை போகலாம், தெரியாவிட்டால் நிற்க வேண்டும். நான் நின்றால் ஸ்டீபன் கண்ணாடியில் என் வெளிச்சம் காணாமல் போகும், அவர் நிற்பார், அவர் நின்றால் குப்புராஜ் நிற்பான். ஒருவர் வாயைத் திறக்காமல் அத்தனை வண்டியும் நின்றுவிடும். ரொம்ப முடியாமல் போனால் பக்கத்தில் வந்து கையை மடக்கி மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை, ஆனால் இதுவரை ஒருத்தரையும் நாங்கள் மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. காலையில் காரவள்ளி அடிவாரத்தில் டீ குடிக்கும்போது குப்புராஜ் சொன்னான், "ஜாபர் இல்ல, அண்ணன் கடைசியில வந்துருங்க, பூங்கோதை நடுவுல வரட்டும்." நான்தான் மாட்டேன் என்றேன். "அந்தப் புள்ளை எனக்கு முன்னால போனா எனக்குக் கை கால் ஓடாது. பின்னால வரட்டும், கண்ணாடியில பார்த்துக்கறேன்." குப்புராஜ் ஒரு நொடி என்னைப் பார்த்தான், பிறகு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டான். பதினேழு.

உண்மையான காரணம் வேறு. ஸ்டீபன் எந்த வளைவில் எவ்வளவு சாய்வார், எங்கே கியரை மாற்றுவார் என்று எனக்கு மனப்பாடம். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் இடப்பக்கத்தை நான் பார்க்கவே வேண்டாம். இடப்பக்கம் எனக்குச் சரியாக இல்லை. ஜாக்கெட்டின் உள்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது, வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும் என்று மூன்று வாரமாக என்னோடே சுற்றுகிறது. கண்ணில் அழுத்தம், நரம்பு கெட்டிருக்கிறது, இடது கண்ணில் இடது ஓரம் முக்கால்வாசி போயிருக்கிறது, வலது கண்ணிலும் ஆரம்பம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. கண் ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கேயாவது புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முப்பது வருஷம் மற்றவர்களைச் சோதித்தவன், நான் தோற்கலாமா? மெஷினின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு டக் டக்கென்று அமுக்கினேன். முடிந்ததும் சோதனை எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "சார், இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்கியிருக்கீங்க, மறுபடி முதல்ல இருந்து உக்காருங்க" என்றாள். மெஷின் சும்மா சத்தம் மட்டும் போட்டு ஆளைப் பிடிக்குமாம். மானம் போயிற்று. ஆனால் எனக்கு அப்போதே தோன்றியது, நான் பொய் சொன்னேன் என்பது பாதிதான் சரி. சில இடத்தில் நான் நிஜமாகவே வெளிச்சத்தைப் பார்த்தேன். இல்லாததை எப்படிப் பார்த்தேன்? டாக்டரம்மாவிடம் கேட்டேன், போன இடம் கறுப்பாகத் தெரியுமா என்று. தெரியாதாம். "பக்கத்துல என்ன இருக்கோ அதைப் பார்த்து மூளையே நிரப்பிக்கும். ஓட்டை இருக்கறதே உங்களுக்குத் தெரியாது" என்றார். அன்றிலிருந்து அதே யோசனைதான். எதை வைத்து நிரப்பும்? லேபில் ஆள் இல்லாத மத்தியானத்தில் எதிர்ச் சுவர்க் காலண்டரை முறைத்துக்கொண்டே இடது கையில் ஒரு பாட்டிலைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பார்ப்பேன். ஒரு இடத்தில் பாட்டில் போய்விடும், கையும் போய்விடும், சுவர் மட்டும் அழகாக நிற்கும், அந்தப் பச்சைப் பெயிண்ட், நடுவில் ஓடுகிற கோடு உள்பட. கோட்டை விடாமல் போட்டுவிடுகிறது பாருங்கள். சுவரில் பல்லி இருந்தால் அதையும் வரையுமா, இல்லை பல்லியை விழுங்கிவிட்டுச் சுவரை மட்டும் கொடுக்குமா? பல்லி வருமென்று இரண்டு நாள் காத்திருந்தேன். இருபத்தைந்து.

பஸ் இறங்குகிறது, ஆரன் சத்தத்திலேயே மலை அதிர்கிறது. ஸ்டீபன் ஒதுங்குகிறார், நானும் ஒதுங்குகிறேன், பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் அகலமாக விரிந்து என் முழங்கையை உரசுகிற தூரத்தில் போகிறது, பிரேக் கருகிய வாடை. அது வலப்பக்கம் வந்தது, பார்த்துவிட்டேன். இடப்பக்கம் வந்திருந்தால்? இடப்பக்கம் எதற்குப் பஸ் வரப் போகிறது, நம் ஊர் ரோட்டில் வலப்பக்கம்தான் எதிர் வண்டி என்று எனக்கே சமாதானம். வண்டி ஓட்டலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டபோது, "ராத்திரியில வேண்டாம், கூட்டத்துல வேண்டாம், ஓட்டாம இருந்தா ரொம்ப நல்லது" என்றார். ரொம்ப நல்லது என்றால் என்ன அர்த்தம்? கூடாது என்று சொல்லவில்லையே. நானும் இப்படித்தான் பேசுவேன். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். போன மாதம் ஒரு டிரைவர் வந்தார், ராசிபுரத்துக்காரர், கூட மனைவி. அவருடைய ரத்தத்தில் இருக்கக் கூடாத அணுக்களை நானே எண்ணினேன், தலையை ஆட்டி ஆட்டி. அந்த அம்மா கவரை வாங்கிக்கொண்டு, "என்ன இருக்குதுங்க சார் இதுல?" என்று கேட்டபோது, "டாக்டர்ட்ட கேளுங்க" என்றேன். எல்லாருக்கும் அதே பதில். அது ஒழுங்கு, எங்கள் தொழிலின் ஒழுங்கு, அதில் தப்பில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? குப்புராஜ் சாவியைப் பிடுங்கிக்கொள்வான். ஸ்டீபன் பின்னால் உட்காரச் சொல்வார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு காது அடைத்து, குளிர் மூக்கில் ஏறி, கையில் வண்டி துடிக்கிற இந்த ஒன்றும் இல்லாமல் போகும். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும். அதனால்தான் இன்றைக்கு நானே எனக்கு ஒரு சோதனை வைத்தேன்: எழுபது வளைவும் தப்பில்லாமல் ஏறிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். சோதனை என்றால் பக்கத்தில் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு. கண்ணாடியில் வெளிச்சம். தலையாட்டல்.

காது அடைத்துத் திறக்கிறது, எச்சில் விழுங்குகிறேன். நாற்பதுக்கு மேல் மலையே வேறு முகம் காட்டுகிறது, கீழே இருந்த முள்ளும் புதரும் போய் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் குட்டியோடு உட்கார்ந்து எங்களைச் சுங்கச்சாவடி ஆள் மாதிரி பார்க்கிறது. நாற்பத்தாறு. ஸ்டீபன் சாய்கிறார், நானும் சாய்கிறேன். பின்னால் ஆரன். பூங்கோதை பரவாயில்லை, வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கக் கற்றுக்கொண்டாள். நாற்பத்தேழு திரும்புகிற இடத்தில் இடது பக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது, மரங்களுக்கு நடுவே வெயில் சரிந்து ரோட்டின் ஓரத்தில் விழுந்திருக்கிறது, ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை, ஈரத் தார் மட்டும் மினுங்குகிறது. இதற்காகத்தான் வருகிறேன். நாற்பத்தேழு, தலையாட்டல். கண்ணாடியில் வெளிச்சம் இல்லை. கால் பிரேக்குக்குப் போகிறது. ஒரு மூச்சு நேரம்தான், இதோ வந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் ஆடிக்கொண்டு, ஆனால் வந்துவிட்டது. நல்ல பொண்ணு. நாற்பத்தெட்டு. ஆரன் அடிக்கிறாள். நாற்பத்தொன்பது. மறுபடி ஆரன், போதும் தாயே, வளைவுக்கு ஒரு தடவை அடித்தால் போதும். யோசித்துப் பார்த்தால் இந்த மூளை நிரப்புகிற வேலை இன்று நடக்கவே இல்லை. இவ்வளவு நேரத்தில் ஒரு இடத்திலாவது பாட்டில் மாதிரி எதுவும் காணாமல் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. டாக்டரம்மா அளவுக்கு மீறிப் பயம் காட்டிவிட்டார். அறுபது, அறுபத்தொன்று, பனி வாடை, எங்கேயோ பலாப்பழ வாடை. விசிலடிக்கலாம் போலிருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் விசிலடித்தால் கண்ணாடியில் ஆவி படியும். எழுபது. பாஸ். நூற்றுக்கு நூறு.

எழுபது முடிந்ததும் வருகிற சோளக்காடு என்ற ஊரில், ஒரு டீக்கடை முன்னால் குப்புராஜ் வண்டியை நிறுத்தி, கையைச் சொடுக்கிக்கொண்டு, வழக்கம் போலக் கேட்கிறான், "எத்தனை?" கடைசிப் பொறுப்பில் வந்தவர் பதில் சொல்ல வேண்டும். "நாலு" என்கிறேன். சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் வந்து நிற்பது ஒரு மொபெட். முன்னால் அரிசி மூட்டை, தலையில் துண்டு, பகல் வெயிலில் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அந்த ஆள் இறங்கும்போதே சத்தம் போடுகிறார்.

"ஏனுங்க, உங்களுக்குக் காது கேக்காதுங்களா? அந்தப் புள்ளை நாப்பத்தேழுல நின்னுருச்சு, முன்னால போறவங்களை நிறுத்தச் சொல்லுங்கன்னு என்கிட்டச் சொல்லுச்சு. நானும் ஆரன் அடிச்சுக்கிட்டே வர்றனுங்க, நீங்க பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டே போறீங்க!"

ஸ்டீபன் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. குப்புராஜ் வண்டியைத் திருப்பிவிட்டான். நானும் திருப்புகிறேன். அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு, எண்கள் பின்னாலிருந்து வருகின்றன. போன் அடித்துப் பார்த்தேன், டவர் இல்லை. மொபெட் விளக்கு. புது வண்டி எல்லாவற்றிலும் சாவி போட்டால் விளக்கும் எரிகிறதே, எங்கள் சட்டம் வந்த காலத்தில் பகலில் விளக்கோடு வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தானே. கண்ணாடியில் வெளிச்சம் இருந்தது, தலையை ஆட்டினேன். இருபத்து மூன்று வளைவு யாரோ ஒருவருக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்கியிருக்கீங்க. இல்லை, இது இருந்த வெளிச்சம், வேறு ஆளுடையது, அவ்வளவுதான், இது கண்ணின் தப்பு இல்லை. இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் கொஞ்சம் காற்று வருகிறது. அப்படி வந்ததே என்று உடனே அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாளோ தெரியாது, நீ அதற்குள் யார் தப்பு என்று பார்க்கிறாயா? இறக்கத்தில் இரண்டாவது கியரில் இஞ்சின் முனகுகிறது. பூங்கோதையின் அம்மா காலையில் வாசல் வரை வந்து என்னிடம்தான் சொன்னார், "பெரியவர் நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன்" என்று. ஐம்பத்தைந்து. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் எங்கே உடைந்திருக்கிறது என்று கண் தேடுகிறது. முன்பு ஏறும்போது உடைப்பு எதுவும் கண்ணில் படவில்லை, இப்போது பார்த்தால் அங்கங்கே இருக்கிறது. ஐம்பது. நாற்பத்தெட்டு. ஆண்டவனே, அந்தப் பெண் உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்திருக்கக் கூடாது.

உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் சாய்ந்து, பக்கத்தில் நெல்லிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா, அந்த அம்மாவின் சேலைத் துண்டு பூங்கோதையின் கெண்டைக்காலில் ஈரமாகச் சுற்றியிருக்கிறது. தலை சுற்றியிருக்கிறது அவளுக்கு, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். மொபெட்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு இறங்கும்போது சரிவில் வண்டி உருண்டு அவள் காலோடு சாய்ந்துவிட்டது, சைலன்சர் பட்டுச் சதை வெந்திருக்கிறது. இறங்கிய பஸ்ஸை நெல்லிக்காய் அம்மா மறித்து, கண்டக்டரும் டிரைவரும் தூக்கி விட்டிருக்கிறார்கள். வண்டி கிடந்த இடத்தைப் பார்க்கிறேன். அங்கே சுவர் உடைந்து இரண்டு முழத்துக்கு வெறும் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிகிறது.

குப்புராஜ் குந்தி உட்கார்ந்து காலைப் பார்க்கிறான். ஸ்டீபன் தண்ணீர் கொடுக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு குப்புராஜ்தான் முதலில் பேசுகிறான்.

"யாரா இருந்தாலும் அப்படித்தாண்ணா நெனச்சிருப்பாங்க. இப்ப வர்ற வண்டி எல்லாத்துலயும் பகல்லயே லைட்டு எரியுது. நம்ம சட்டந்தான் பழசாப் போச்சு. வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கலாம், விடுங்க."

விடலாம். நான் தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், நான் நடந்தால் போதும். "ஆமா குப்புராஜ்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் அடுத்த மூன்றாவது ஞாயிறும் எனக்கு உண்டு. வாய் திறக்கப் போகிறது, அதற்குள் பூங்கோதை நிமிர்கிறாள். கோபம்கூட இல்லை அவளிடம், புரியாத கணக்கைக் கேட்கிற முகம்.

"லைட்டு இருக்கட்டுங்ண்ணா. நான் உங்க பக்கத்துலயே வந்தேனே. லெஃப்ட்ல வந்து ஆரன் அடிச்சு, கையைத் தூக்கிக் காட்டினேன். நீங்க தலையை ஆட்டினீங்க. சரி, நின்னுக்கச் சொல்றாரு, மொபெட்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாலும், அண்ணனே முன்னால போய் நிறுத்திட்டு வருவாருன்னு நெனச்சுட்டேன்."

நான் திரும்பி ரோட்டைப் பார்க்கிறேன். நாற்பத்தேழு திரும்புகிற இடம். சில்வர் ஓக், மிளகுக் கொடி, இடது ஓரத்தில் சரிந்து விழுந்திருக்கிற வெயில், ஈரத் தார். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, எதை வைத்து நிரப்பும் என்று. இதை வைத்துத்தான். ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை என்று ரசித்துக்கொண்டு போனேனே, அந்த இடத்தில் ஒரு பெண் தலை சுற்றி, கையைத் தூக்கிக்கொண்டு, என்னை நம்பி வந்துகொண்டிருந்தாள். பல்லியை விழுங்கிவிட்டுச் சுவரைக் கொடுத்துவிட்டது. எவ்வளவு சுத்தமான வேலை. ஒரு கீறல் இல்லை, ஒரு ஒட்டு இல்லை. இந்த நேரத்திலும் அதை மெச்சுகிற ஒரு புத்தி எனக்குள் இருக்கிறது, அதை நினைத்தால் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

வண்டிச் சாவியை எடுத்து ஸ்டீபன் கையில் வைக்கிறேன். ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரிக்கிறேன், மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது. குப்புராஜ் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறான். இரண்டு வட்டம், ஒன்றில் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல் நிறம், இன்னொன்றில் இடது பக்கம் முக்கால்வாசியும் கறுப்பு.

"என்னங்ண்ணா இது? என்ன இருக்குது இதுல?"

டாக்டர்ட்ட கேளு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம். விழுங்கிக்கொண்டு, பூங்கோதைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாளை அவளுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்து, விரலை வைத்துக் காட்டுகிறேன்.

"இது என் கண்ணும்மா. இந்தக் கறுப்பு இருக்குல்ல, நீ கையைத் தூக்கிட்டு வந்த எடம் இதுதான்."